கதவைத் தட்டாமலே ஆளில்லை என்று சொல்லாதீர்கள்: லினக்ஸ் நிரலர்களுக்கு ஒரு திறந்த மடல்

லினக்ஸ் கணினிகளுக்குச் செயலிகள் எழுதுகிற, பராமரிக்கிற, தமிழாக்குகிற நண்பர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியில் கணினி பழுதுபார்ப்பது என் தொழில். கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல், தேவகோட்டை என்று சுற்றுவட்டத்தில் யார் வீட்டிலோ கடையிலோ கணினி நின்றுபோனால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவேன். உங்கள் செயலிகளை நம்பித்தான் என் வாடிக்கையாளர்கள் வேலை பார்க்கிறார்கள். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், ஓரளவு புதிய ப்ராசஸரும் வேண்டும். நான் பார்க்கிற கணினிகள் பலவற்றில் இரண்டும் இல்லை. நன்றாக ஓடுகிற கணினியைத் தூக்கிப்போட மனம் வராதவர்களுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறேன். ஒரு வாரம் தயங்குவார்கள், பிறகு பழகிவிடுவார்கள். அந்த முதல் மாதத்துக்குள் ஒரு செயலி வந்து "நீங்கள் இணையத்தில் இல்லை" என்று பொய் சொன்னால், பக்கத்திலேயே உலாவியில் யூடியூப் ஓடிக்கொண்டிருந்தால், அவர்கள் அந்தச் செயலியைக் குறை சொல்வதில்லை. "தம்பி, லினக்ஸே சரியில்லை" என்றுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவர்களைத் திருப்புவது கஷ்டம்.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீடு. முன் தெருவில் முகப்பு, பின் தெருவில் கொல்லைக் கதவு. நடுவில் பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலுமாக இருக்கிறார்கள். ஓர் ஆச்சி மட்டும் அங்கேயே இருந்து, இரண்டாங்கட்டில் நான்கு பெண்களை வைத்துப் பலகாரம் செய்து வெளியூருக்கு அனுப்புகிறார். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, கைமுறுக்கு. வாட்ஸாப்பில் ஆர்டர் வாங்கினால் எது யாருடையது என்று குழம்பிப்போகிறது என்பதால், எல்லாரையும் மின்னஞ்சலில் எழுதச் சொல்லிவிட்டார். காலையில் கணினியைத் திறந்து, வந்த அஞ்சல்களை அச்செடுத்து, அடுப்படிச் சுவரில் தேதிவாரியாக ஒட்டிவைப்பார்கள். அந்தக் காகிதம்தான் அன்றைய வேலை.

அந்த வீட்டுச் சுவர் இரண்டடிக் கனம். கதவெல்லாம் தேக்கு. முகப்பில் மோடத்தை வைத்தால் வைஃபை வளவு வரைக்கும்கூட ஒழுங்காக வராது. அதனால் வளவுத் தாழ்வாரத்து உத்தரத்தை ஒட்டியே கேபிள் இழுத்து இரண்டாங்கட்டுக்குக் கொண்டுபோனேன். லேபிள் பிரிண்டரும் கணினியும் எப்போதும் ஒரே முகவரியில் இருக்கட்டும் என்று, கணினியின் ஐபி முகவரியை இன்டர்ஃபேசஸ் என்ற நெட்வொர்க் அமைப்புக் கோப்பில் கையாலேயே எழுதிவைத்தேன். டெபியன் என்ற லினக்ஸ் வகையின் வழி வந்த கணினிகளில் காலங்காலமாகச் செய்கிற முறைதான் அது. எட்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஆச்சி போன் செய்தார்.

"தம்பி, மூணு நாளா ஒரு ஆர்டர்கூட வரலை. நெட்டு இல்லைன்னு காட்டுது. லைன்காரங்க வந்து பாத்துட்டு, லைன் நல்லாத்தான் இருக்குன்னுட்டுப் போயிட்டாங்க. நீங்க ஒரு எட்டு வந்து பாருங்க."

போனேன். மோடத்தில் ஃபைபர் இணைப்பைக் காட்டும் பான் விளக்கு பச்சையாக நின்று எரிந்தது. எல்.ஓ.எஸ். விளக்கு அணைந்திருந்தது. ஃபைபர் அறுந்தால்தான் அது சிவப்பாகச் சிமிட்டும். லைன்காரர்கள் சொன்னது சரி. கணினியில் உலாவியைத் திறந்தேன், பக்கங்கள் வந்தன. அஞ்சல் செயலியைத் திறந்தேன். மேலே ஒரு மஞ்சள் பட்டை, "நீங்கள் ஆஃப்லைனில் இருக்கிறீர்கள்" என்று. அனுப்பு, பெறு இரண்டும் மெனுவில் இருந்தன. அழுத்தினால் கண்ணிமைக்கும் நேரத்தில் மறுபடி அதே பட்டை.

அந்த வேகம்தான் என்னைச் சந்தேகப்பட வைத்தது. நெட்டில் ஓர் இடத்துக்குப் போய் முட்டித் திரும்ப ஒரு நொடியாவது ஆகும். கட்டளை தட்டும் டெர்மினலைத் திறந்து, நெட்வொர்க்கில் போகிற வருகிற தகவல் பொட்டலங்களை (பாக்கெட்) வரிவரியாகக் காட்டும் டிசிபிடம்பை ஓட்டி, அஞ்சல் வந்துசேரும் 993 என்ற போர்ட்டை மட்டும் கவனிக்க வைத்தேன். பெறு என்பதை அழுத்தினேன். திரையில் ஒரு வரிகூட வரவில்லை. மறுபடி அழுத்தினேன். ஒரு பாக்கெட்கூட வெளியே போகவில்லை. அதே கணினியிலிருந்து அதே சர்வருக்கு, அதே 993-க்கு, கையால் ஒரு கட்டளை கொடுத்துப் பார்த்தேன். உடனே பதில் வந்தது. சான்றிதழ் வந்தது, வணக்கமும் வந்தது. அஞ்சல் பெட்டி திறந்துதான் இருந்தது. செயலி அந்தக் கதவைத் தட்டவே இல்லை.

மூன்று நாள் முன்பு கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்டதில் செயலியின் புதுப் பதிப்பு வந்திருந்தது. அந்தப் பதிப்பு, வெளியே போகும் முன், கணினியின் இணைப்புகளைக் கவனித்துக்கொள்ளும் நெட்வொர்க் மேனேஜர் என்ற சேவையைக் கேட்டுவிட்டுப் போகிற வழக்கத்தைத் தொடங்கியிருந்தது. நெட்வொர்க் மேனேஜரோ, நான் கையால் எழுதிய கேபிளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளாமல் ஒதுங்கியிருந்தது. அதன் கணக்கில் அந்தக் கணினியில் வேறு இணைப்பே கிடையாது. கேட்டவருக்கு "தொடர்பு இல்லை" என்று சொல்லிவிட்டது. செயலி அதை அப்படியே நம்பிவிட்டது.

எங்கள் ஊர்ப் பூட்டிய வீடுகளில் முகப்புத் திண்ணையில் ஒரு காவல்காரர் உட்கார்ந்திருப்பார். முன் கதவுச் சாவி அவரிடம். சொந்தக்காரர் பின் தெருவில் காரை நிறுத்திவிட்டுக் கொல்லை வழியாக உள்ளே வந்து மூன்றாங்கட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தாலும், முன்னால் வந்து கேட்கிறவரிடம் காவல்காரர் "யாரும் இல்லீங்க" என்றுதான் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. தன் கதவு வழியாக யாரும் வரவில்லை என்பதைத்தான் சொல்கிறார். நெட்வொர்க் மேனேஜர் ஆச்சி வீட்டில் சொன்னதும் அந்த மாதிரிப் பதில்தான்.

நான் கைவைத்தபின் வந்து விழுந்த அஞ்சல்களில் ஒரு மணிவிழா ஆர்டர் இருந்தது. முந்நூறு பேருக்குப் பலகாரம். பதில் வராததால் அவர்கள் வேறிடத்தில் சொல்லிவிட்டார்கள். ஆச்சி அந்த அஞ்சலையும் அச்செடுக்கச் சொன்னார். அடுப்படிச் சுவரில் ஒட்டவில்லை. மடித்துக் கணக்கு நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

அந்தச் செயலியின் பெயர் இங்கே வேண்டாம். ஒன்றை மட்டும் குறை சொல்லி ஆவது ஒன்றுமில்லை. இதே பழக்கம் பல இடங்களில் பல வருடங்களாக இருக்கிறது.

நெட்வொர்க் மேனேஜர் ரெட் ஹாட் நிறுவனத்தார் 2004-இல் தொடங்கிய திட்டம். கம்பியோ வைஃபையோ, எது கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு, மடிக்கணினி வைத்திருப்பவர்களைக் கட்டளை தட்டும் தொல்லையிலிருந்து காப்பாற்ற வந்தது. நல்ல வேலை அது. நானும் தினமும் பயன்படுத்துகிறேன். "இப்போது தொடர்பு இருக்கிறதா?" என்று, செயலிகள் ஒன்றோடொன்று பேசும் டிபஸ் வழியாகக் கேட்டால் ஓர் எண்ணைச் சொல்லும். சிக்கல் அந்த எண்ணில் தொடங்குகிறது. முதலில் 3 என்றால் இணைந்திருக்கிறது என்று பொருள். 2011-இல் 0.9 பதிப்பு வந்தபோது எண்கள் மாறின. உள்ளூர் இணைப்பு 50, தளத்தளவு இணைப்பு 60, முழு இணைப்பு 70. விடை 3-ஆக இருக்கிறதா என்று மட்டும் பார்த்த செயலிக்கு அன்று முதல் உலகமே ஆஃப்லைன். கணினியும் கேபிளும் சர்வரும் அப்படியேதான் இருந்தன. மாறியது ஓர் எண் மட்டும்.

இணைப்பு நிலையைத் தனியாகக் கேட்டால் ஐந்து விடைகள் உண்டு: தெரியாது, இல்லை, உள்நுழைவுப் பக்கம் மறிக்கிறது, அரைகுறை, முழுமை. இதில் "தெரியாது" என்று வந்தால் இணையம் இருக்கக்கூடும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நெட்வொர்க் மேனேஜரின் ஆவணமே எழுதியிருக்கிறது. ஆனால் முழுமை என்று வந்தால் மட்டும் ஆன்லைன், மற்ற நான்குக்கும் கதவை மூடு என்று ஒரே வரியில் முடித்துவிடுகிற நிரலை நானே திறந்து பார்த்திருக்கிறேன். ஐந்து விடை சொல்கிறவரிடம் ஆமாம், இல்லை என்று இரண்டு விடையை மட்டும் வாங்கிக்கொண்டு வருவது போல இருக்கிறது.

அந்த "முழுமை" எப்படித் தீர்மானமாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட முகவரியிலிருந்து ஒரு சின்னப் பக்கத்தை எடுத்துப் பார்க்கும். எதிர்பார்த்த ஒரு வரி எழுத்து வந்தால் முழுமை. ஃபெடோரா, உபுண்டு, ஆர்ச், டெபியன் என்று லினக்ஸ் வெளியிடுகிற ஒவ்வொருவருக்கும் இதற்கென ஒரு முகவரி இருக்கிறது. இயல்பாக 300 வினாடிக்கு ஒருமுறை இந்தச் சோதனை நடக்கும். வீட்டில் விளம்பரத் தடுப்பான் ஒன்று அந்த முகவரியையும் சேர்த்துத் தடுத்துவிட்டால், மற்ற எல்லாம் ஓடினாலும் "அரைகுறை" என்றுதான் வரும். ஃபைபர் அறுந்த பிறகும் அடுத்த சோதனை வரை "முழுமை" என்றே இருக்கும். ஆச்சியின் அஞ்சல் சர்வர் எழுந்திருக்கிறதா, தூங்குகிறதா என்று அந்தச் சின்னப் பக்கத்துக்கு எப்படித் தெரியும்? அது யாரோ ஒருவருடைய வாசல். ஆச்சி போக வேண்டிய வாசல் வேறு.

கருவியைச் செய்தவர்கள் இதையெல்லாம் மறைக்கவில்லை. பல லினக்ஸ் செயலிகளுக்கு அடிப்படையான ஜிலிப் என்ற நிரல் தொகுப்பில், 2012-இல் வந்த 2.32 பதிப்பில் நெட்வொர்க்கைக் கவனிக்கும் பகுதி சேர்ந்தது. நெட்வொர்க் "கிடைக்கிறது" என்பதற்கு வெளியே போக ஒரு வழித்தடம் இருக்கிறது என்று மட்டுமே பொருள், பொது இணையத்தை எட்டலாம் என்று பொருளல்ல என்று அதன் ஆவணம் சொல்கிறது. செயலிகள் எழுதப் பயன்படும் இன்னொரு தொகுப்பான கியூடி 6.1-இல் வந்த புது வசதியில், துண்டிப்பு என்ற நிலைக்குக்கூட "இணைப்பு இல்லாமல் இருக்கலாம்" என்றுதான் விளக்கம். இருக்கலாம், அவ்வளவுதான். உலாவிகளில் ஆன்லைனா என்று சொல்லும் அந்தப் பண்பைப் பற்றி எச்டிஎம்எல் வரையறையே, அது இயல்பிலேயே நம்பத்தகாதது என்று எழுதியிருக்கிறது. அந்தப் பண்பை வைத்துத்தான் எலக்ட்ரான் என்ற, உலாவியை உள்ளே வைத்த கருவியில் எழுதிய செயலிகள் பல தீர்ப்புச் சொல்கின்றன. எழுதியவர்கள் எல்லாரும் "இது ஒரு குறிப்பு" என்றார்கள். பயன்படுத்தியவர்கள் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள்.

மாற்று வழி வைத்தவர்களும் உண்டு. பிட்ஜின் என்ற அரட்டைச் செயலியில் நெட்வொர்க் நிலை என்னவானாலும் இணைந்து பார் என்று கட்டாயப்படுத்த ஒரு தொடக்கக் கட்டளை இருக்கிறது. எவல்யூஷன் என்ற அஞ்சல் செயலியிலும் இருக்கிறது. இந்தக் கணிப்பு தவறலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்காக நன்றி. ஆனால் அந்தக் கதவு டெர்மினலில் கட்டளை தட்டத் தெரிந்தவருக்கு மட்டும் திறக்கிற கதவு. அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருகிறவர் அதை எங்கே போய்த் தேடுவார்?

இதற்காக லினக்ஸ்காரர்கள் செய்துவரும் ஒரு வேலை எனக்கு மனவருத்தம் தருகிறது. டெபியன், உபுண்டு சர்வர்களில் நெட்வொர்க்கை வேறொரு சேவை கவனித்துக்கொள்ளும். அங்கே காக்பிட் என்ற சர்வர் நிர்வாகப் பக்கத்தை உலாவியில் திறந்து புதுப்பிப்பு இருக்கிறதா என்று பார்த்தால், ஆஃப்லைனில் இருக்கும்போது முடியாது என்று வரும். புதுப்பிப்பைக் கவனிக்கும் பேக்கேஜ்கிட் போய் நெட்வொர்க் மேனேஜரைக் கேட்டதால் வந்த வினை. காக்பிட் திட்டத்தாரே கொடுத்திருக்கும் பரிகாரம், இல்லாத ஒரு நெட்வொர்க் கார்டைப் பொய்யாக உண்டாக்கி, அதற்கு 1.2.3.4 என்று ஒரு முகவரி கொடுத்து, நெட்வொர்க் மேனேஜரை ஏமாற்றுவது. அவர்கள்மேல் தவறில்லை. தங்கள் கையில் இல்லாத பிழைக்கு வழி சொன்னார்கள். நானும் இரண்டு இடங்களில் இதைச் செய்திருக்கிறேன். உண்மையான கேபிளை நம்பாமல் பொய்க் கேபிளை நம்புகிற ஒன்றை வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிட்டு வருவது மனதுக்கு ஒப்பவில்லை.

புதுவயல் பக்கம் ஓர் அரிசி ஆலையில் நடந்தது இன்னொரு வகை. எடைமேடையில் ஒரு கணினி, ஆபீஸில் ஒரு கணினி, நடுவில் ஒரு கேபிளும் ஸ்விட்சும். இணையம் வேண்டுமென்றே கொடுக்கவில்லை. எடைச் சீட்டுக் கணக்கு வெளியே எங்கும் போகக் கூடாது என்பது முதலாளியின் முடிவு. லாரி மேடையில் ஏறி நிற்கும், எடை ஆபீஸ் கணினிக்குப் போகும், சீட்டு அச்சாகும். ஒருநாள் அங்கே போட்ட கணக்குச் செயலி, "இணைய இணைப்பு இல்லை, சரிபார்க்கவும்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறையில் 192.168.1.10 என்ற முகவரியில் இருந்த கணினியைத் தொட மறுத்தது. வெளியே போகும் வழித்தடம் இல்லை, ஆகவே நெட்வொர்க்கே இல்லை என்று முடிவுகட்டியிருந்தது. வெளியே நான்கு லாரி நின்றன. எடைமேடைக்காரர் நோட்டில் கையால் எழுதித் தள்ளினார். இருபதடி தூரத்துக் கணினிக்குப் போக உலகத்தின் அனுமதி எதற்கு?

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. சாலையில் பள்ளம் தோண்டி ஃபைபர் அறுந்துபோகும், ரவுட்டர் மட்டும் எரிந்துகொண்டிருக்கும். செயலிக்கு அது ஆன்லைன். தங்கும் விடுதி வைஃபையில் உள்நுழைவுப் பக்கம் நிற்கும், செயலிக்கு அதுவும் ஆன்லைன். செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரைக் கணினிக்குள் போட்டிருந்தால் அதன் மெய்நிகர் கார்டைப் பார்த்துக்கூடச் சில செயலிகள் இணைப்பு இருக்கிறது என்று நம்பிக்கொள்ளும். இது அவ்வளவு கெடுதி செய்வதில்லை. போய் முட்டிவிட்டுத் திரும்பும், மறுபடி முயலும், லைன் வந்ததும் தானாகச் சரியாகும். இருக்கும்போது இல்லை என்பதுதான் தானாகச் சரியாகாத நோய். முயற்சியே நடக்காததால் தவறு வெளியே தெரிய வாய்ப்பே இல்லை.

நீங்கள் ஏன் இப்படி எழுதினீர்கள் என்று யோசித்தும் பார்த்தேன். காரணமில்லாமல் யாரும் எழுதமாட்டார்கள். மடிக்கணினியை மூடித் திறந்ததும் பத்துப் பிழைச் செய்தி வந்து விழக் கூடாது, பேட்டரி வீணாகக் கூடாது, போன் டேட்டாவில் ஓடுகிறவருக்குச் செலவு வைக்கக் கூடாது, இணைப்பு இல்லாதபோது செயலி உறைந்து நிற்கக் கூடாது. எல்லாம் நியாயம். ஆனால் வழித்தடமே இல்லாத கணினியில் ஒரு முகவரிக்கு இணைய முயன்றால் லினக்ஸின் உட்கருவான கெர்னல் அந்த நொடியே "நெட்வொர்க்கை எட்ட முடியவில்லை" என்று திருப்பிவிடும். ஒரு பாக்கெட்டும் போகாது, பேட்டரியும் தீராது. அதாவது உண்மையிலேயே ஆஃப்லைனாக இருக்கும்போது முயன்று பார்ப்பதற்கு ஏறக்குறைய விலையே இல்லை. தாமதமாவது வழி இருந்தும் எதிர்ப்பக்கம் பதில் சொல்லாத நேரத்தில்தான். லினக்ஸ் இயல்பாகப் பலமுறை திரும்பத் தட்டி, இரண்டு நிமிடம் போலக் காத்திருந்துதான் கைவிடும். அங்கே நீங்களே பத்துப் பதினைந்து வினாடி என்று ஒரு கெடு வைத்துக்கொள்ளலாம். காத்திருப்பதைப் பின்னணியில் வைத்துத் திரையை உறையவிடாமல் பார்த்துக்கொள்ளலாம். முதல் முயற்சி தோற்றால் கொஞ்ச நேரம், அதுவும் தோற்றால் இரண்டு மடங்கு நேரம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

நெட்வொர்க் மேனேஜர் சொல்வதைக் கேட்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. "இணைப்பு வந்துவிட்டது" என்று அது குரல் கொடுத்தால், காத்துக்கொண்டிருக்காமல் உடனே ஒருமுறை முயலுங்கள். அதற்கு அது நல்ல துணை. "இல்லை" என்று சொன்னால் தானாக முயல்வதைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மனிதர் ஒருவர் பொத்தானை அழுத்துகிறார் என்றால், அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. அந்த நேரத்தில் யாரையும் கேட்காமல் போய்ப் பாருங்கள். பொத்தானைச் சாம்பல் நிறமாக்கி முடக்காதீர்கள். மஞ்சள் பட்டையிலேயே "இருந்தாலும் முயன்று பார்" என்று ஓர் இணைப்பு வையுங்கள். ஆச்சிக்கு அது ஒன்று இருந்திருந்தால் போதும். முதல் நாள் காலையிலேயே அழுத்தியிருப்பார்.

முயன்று தோற்றால், தோற்ற இடத்தைச் சொல்லுங்கள். பெயரை முகவரியாக மாற்ற முடியவில்லையா, முகவரி கிடைத்தும் சர்வர் பதில் சொல்லவில்லையா, பதில் சொல்லியும் சான்றிதழ் பொருந்தவில்லையா, கடவுச்சொல் தவறா? இவை நான்கும் நான்கு வேறு பழுதுகள். முதலாவது என்றால் நான் ரவுட்டரைப் பார்ப்பேன். இரண்டாவது என்றால் சர்வர்காரருக்குப் போன் செய்வேன். மூன்றாவது என்றால் முதலில் கணினியின் தேதியைப் பார்ப்பேன். பழைய கணினியில் பேட்டரி தீர்ந்து தேதி பின்னால் போயிருக்கும். எல்லாவற்றுக்கும் "ஆஃப்லைன்" என்ற ஒரே சொல்லை எழுதிவைத்தால் என்னைப் போன்றவர்கள் பத்துக் கிலோமீட்டர் வண்டி ஓட்டிப்போய்த்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

தமிழாக்கம் செய்கிற நண்பர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். "நீங்கள் இணையத்தில் இல்லை", "உங்கள் இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்" என்று தமிழில் வரும்போது, படிக்கிறவர் அதைத் தன்மேல் வைத்த குற்றமாக எடுத்துக்கொள்கிறார். பில் கட்ட மறந்துவிட்டோமோ, எதையோ தவறாக அழுத்திவிட்டோமோ என்று பயப்படுகிறார். ஆச்சி மூன்று நாளில் இரண்டு முறை லைன்காரர்களைக் கூப்பிட்டதற்கு அந்த வரிதான் காரணம். செயலிக்குத் தெரிந்தது அவ்வளவு இல்லை. "அஞ்சல் சர்வரோடு தொடர்புகொள்ளவில்லை" என்று எழுதினால் அது உண்மை. மூல வரி தவறாகவே இருந்தாலும், அது உண்மையில் எப்போது திரையில் வருகிறது என்று நிரலில் ஒருமுறை பார்த்துவிட்டு மொழிபெயருங்கள். தவறு என்று பட்டால் மூலத்தை எழுதியவருக்கும் ஒரு வரி அனுப்புங்கள். திரையில் வரும் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திப் படிக்கிறவர்கள் நீங்கள். இந்தப் பிழை முதலில் கண்ணில் படக்கூடியதும் உங்களுக்குத்தான்.

கையால் முகவரி எழுதாதே, எல்லாவற்றையும் நெட்வொர்க் மேனேஜரிடமே விட்டுவிடு என்று எனக்குப் பதில் எழுத நினைப்பவர்களும் இருப்பார்கள். ஆச்சி வீட்டில் இப்போது அப்படித்தான் விட்டிருக்கிறேன். அந்தக் கேபிளை நெட்வொர்க் மேனேஜரிடம் ஒப்படைத்து, அதே முகவரியை அதிலேயே நிலையாகப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஓடுகிறது. ஆனால் லினக்ஸில் நெட்வொர்க்கைக் கவனிக்க ஒரே ஒரு வழி என்று யாரும் விதி வைக்கவில்லை. அதே வேலையைச் செய்கிற சிஸ்டம்டி நெட்வொர்க்டி இருக்கிறது, கான்மேன் இருக்கிறது, பழைய இன்டர்ஃபேசஸ் கோப்பும் இன்னும் இருக்கிறது. எது இருந்தாலும் பாக்கெட் போவது கெர்னல் வழியாகத்தான். அதை நேரே கேட்கிற செயலிக்கு இதில் எது ஓடுகிறது என்ற கவலையே இல்லை.

என் கடையில் ஒரு பழைய கணினியை இதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன். டெபியன் போட்டு, முகவரியை இன்டர்ஃபேசஸ் கோப்பில் கையால் எழுதி, நெட்வொர்க் மேனேஜரை ஓடவும் விட்டிருக்கிறேன். அது இப்போதும் "தொடர்பு இல்லை" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறது, இணையமும் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாவதாக ஒரு கேபிள், வெளி வழித்தடம் இல்லாமல், எடைமேடை மாதிரியே இன்னொரு கணினிக்குப் போகிறது. உங்களில் யாராவது திருத்தம் செய்து ஒரு சோதனைப் பதிப்பு வெளியிட்டால், அதை அந்தக் கணினியில் போட்டு, கேபிளைப் பிடுங்கியும் மாட்டியும் பார்த்து, டிசிபிடம்பில் வந்த வரிகளோடு உங்கள் பிழைப் பதிவேட்டில் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கடையில் கூட்டம் இருக்காது. அந்த நேரத்தை இதற்கென்று வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து,
கணினி பழுதுபார்ப்பவன் ஒருவன்